நீச்சல் தெரியும் என்று எழுதியவள்

படகுப் பயணப் படிவத்தில் "நீச்சல் தெரியுமா?" என்பதற்கு நேரே "தெரியும்" என்று எழுதினேன். பொய். பக்கத்தில் ஆபீஸ் தோழி தேஜஸ்ரீ கொஞ்சமும் கூச்சமில்லாமல் "தெரியாது" என்று எழுதினாள். சிங்காநல்லூரில் மில் வைத்திருக்கிற வீட்டுப் பெண். ஒன்று தெரியாததால் அவள் எங்கேயும் சின்னவளாகிவிட மாட்டாள். நான் சோமனூரில் தறி ஓட்டுகிறவர் மகள். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள். காலேஜிலும் ஆபீஸிலும் தெரியாது, தெரியாது என்று சொல்லி எனக்கு வாய் புளித்துப்போயிருந்தது.

மேட்டுப்பாளையத்துக்குக் கீழே அணைத் தண்ணீரில் அங்கங்கே கரடுகள், சின்னச் சின்னக் குன்றுகள், தலை நீட்டிக்கொண்டிருக்கும். அணை வருவதற்கு முன்னால் அவற்றின் மேல் காவல் மேடையும் கோயிலும் இருந்தன. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் எல்லாம் வெளியே வந்து தீவாக நிற்கும். ஆபீஸில் ஆறு பேர் கயாக் என்கிற ஒல்லியான துடுப்புப் படகுகளில் போனோம்.

கூட்டிப்போனவர் தம்பிதுரை. ஐம்பது வயதிருக்கும், பரிசல் ஓட்டியே வளர்ந்தவர். "தீவுல இறங்கினாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டக் கூடாதுங்க அம்மணி. விசிலும் அதுலதான் இருக்குதுங்க."

"ஊட்டுக்குப் போயாவது கழட்டலாமுங்களா?" என்றாள் தேஜஸ்ரீ.

"பஸ் ஏறுனதுக்கப்புறம் உங்க இஷ்டமுங்க."

முதல் தீவில் இடிந்த காவல் மேடை. மற்ற நாலு பேரும் அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். தம்பிதுரையும் அவர்களோடு இருந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே கயாக்கில் கோயில் தீவுக்குத் துடுப்புப் போட்டோம். அங்கே இருப்பது தேஜஸ்ரீ வீட்டாரின் குலதெய்வம். கற்பூரம் கொண்டுவந்திருந்தாள்.

கயாக்கின் மூக்கைச் சேற்றில் ஏற்றிவிட்டு அவள் செருப்பைக் கழற்றினாள். பிறகு லைஃப் ஜாக்கெட்டையும்.

"எத்தனை பேர் வேர்வையோ. இதை மாட்டிட்டு சாமி முன்னாடி நிக்க முடியாதுடி. நீயும் கழட்டு."

வேர்வை எப்போதிருந்து தீட்டானது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சாமி என்றதும் என் கையே கொக்கியைக் கழற்றியது. அந்தக் கையைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. செருப்பு, லைஃப் ஜாக்கெட், போன் எல்லாவற்றையும் கயாக்கிலேயே வைத்தோம்.

ஏழு படி ஏறினோம். கூரையில்லாத மண்டபம், மூக்கு உடைந்த சாமி. கற்பூரம் அணைவதற்குள் திரும்பிப் பார்த்தேன். அஞ்சு படிதான் இருந்தது.

மலையில் எங்கேயோ மழை. செம்மண் நிறத்தில் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கயாக் ஐம்பதடி தள்ளி, இரண்டு ஆரஞ்சு ஜாக்கெட்டையும் சுமந்துகொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"உனக்குத்தான் நீச்சல் தெரியுமே! போய்ப் புடிடி!"

"இழுப்பு அதிகமா இருக்கு," என்றேன். படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். நாலு படி.

"ஏனுங்க! அண்ணா! ஏனுங்க!" என்று கத்தினாள். பந்திக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது.

இருபது தறி ஓடுகிற ஷெட்டில் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்ட தொண்டை என்னுடையது. மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று ஆபீஸில் இங்கிலீஷ் பேசுகிற பெண்கள் அதை அமுக்கி வைத்திருந்தார்கள். எழுந்து நின்றேன்.

"யோவ் தம்பிதுரை!"

காவல் மேடைக்குப் பக்கத்தில் ஒரு தலை திரும்பியது.

தம்பிதுரை தன் கயாக்கில் வந்துசேரும்போது இரண்டு படிதான் மிச்சம். எங்களை மேலும் கீழும் பார்த்தார். திட்டவில்லை. தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றினார்.

"இது ஒண்ணுதான் இருக்குதுங்க. இந்தக் கயாக்குல ஒருத்தரைத்தான் ஏத்த முடியும். இன்னொருத்தர் பின்னாடி தண்ணில கயித்தைப் புடிச்சுட்டு வரோணும். நீச்சல் தெரியும்னு எழுதுனது யாருங்க?"

"இவதானுங்க," என்றாள் தேஜஸ்ரீ. அவர் அவளுக்கு ஜாக்கெட்டை மாட்ட ஆரம்பித்தார்.

உயிர் போனால் போகட்டும், சொல்லமாட்டேன் என்று ஒரு நொடி நின்றேன். இப்போது நினைத்தால் அந்தத் தண்ணீரைவிட அந்த நொடிதான் பயமாக இருக்கிறது.

"தெரியாதுங்க," என்றேன். "பொய்யா எழுதிப்போட்டேன்."

தேஜஸ்ரீ என்னைப் பார்த்தாள். பிறகு அவளே ஜாக்கெட்டைக் கழற்றி என் தலைவழியாக மாட்டினாள். அவளை ஏற்றினார். என் கையில் கயிறு.

கடைசிப் படி எப்போது காலை விட்டுப் போனதென்று தெரியவில்லை. கீழே எதுவுமே இல்லை. வாயெல்லாம் செம்மண்.

"என்னைப் பாத்துட்டே வாங்க கண்ணு. கத்தோணும்னா கத்துங்க."

கத்தினேன். கரை தட்டும்வரை கத்திக்கொண்டே வந்தேன்.