யாராவது கத்தினால் சொல்லுங்கள்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேபிள் எதற்கென்று யாருக்கும் தெரியவில்லையா, பிடுங்கிவிட்டுக் காத்திருப்போம். யார் கத்துகிறார்களோ அவர்களுடையது. யாரும் கத்தவில்லை என்றால் சுருட்டிக் குப்பையில் போடலாம். கேட்பதற்கு அநியாயமாக இருக்கும். ஆனால் பழைய ரூட்டரைக் கழற்றப் போகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அன்று நான் கழற்றப் போனது ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியின் ரூட்டரை. செய்தவர்களே கைகழுவிவிட்ட மாடல். எவன் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து கணக்கையெல்லாம் மேய்ந்துவிட்டுப் போகலாம். வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் அக்கா. அங்கேதான் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். காலையில் படிக்கட்டிலேயே என்னை மடக்கினாள்.

"உன்னப் பத்தி ஆஹா ஓஹோன்னு சொல்லி வச்சிருக்கேன். என் மானத்த வாங்கிடாத."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தையா இருந்தா தூக்கி இடுப்புல வச்சுக்குவேனே. உனக்கு மூக்குக்கு மேல கோபம். மேனேஜர்கிட்ட மட்டும் வாயக் குடுக்காத."

மேனேஜருக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் அவசரம். பொருத்தமான பெயர்தான். நான் பையைக் கீழே வைப்பதற்குள் "முடிஞ்சுதாம்மா?" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது, அக்காவை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

மதியத்துக்குள் கேபிள்களை ஒவ்வொன்றாகப் புது ரூட்டருக்கு மாற்றினேன். கடைசியாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று மிஞ்சியது. சீட்டு ஒட்டவில்லை. பழைய ரூட்டரில் அதற்கான விளக்கு எப்போதாவது ஒருமுறை மினுக்கியது. மாடி மாடியாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சரி என்று பிடுங்கினேன். "யாராவது கத்தினா சொல்லுங்க" என்று அவசரத்திடமும் சொல்லிவைத்தேன்.

யாரும் கத்தவில்லை. சாப்பிட்டுத் திரும்பினார்கள், பில் போட்டார்கள், பிரிண்டர் ஓடியது. அப்படியே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டியவள்தான் நான். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். யாருக்கும் வேண்டாத கேபிள் என்றால் அந்த விளக்கு எதற்கு மினுக்கியது?

"அதான் ஒருத்தரும் கத்தலையே! தூக்கிடுங்கம்மா. பழைய சாமான் எடுக்குற வண்டி வாசல்ல நிக்குது" என்றார் அவசரம்.

அக்காவைக் கேட்கலாம் என்று போனேன். நாற்காலி காலி. கைபேசி மேசை மேலேயே கிடந்தது. பக்கத்து மேசைக்காரி நிமிராமலே சொன்னாள்:

"பழைய ஃபைல் எடுக்க பேஸ்மென்ட்டுக்குப் போனாங்க. சாப்பிடக்கூட வரல, பாருங்க. அவ்வளவு கட்டையும் தூக்க முடியாதுன்னு சரக்கு லிஃப்ட்ல வரேன்னாங்க."

"அந்த லிஃப்ட் ஒழுங்கா ஓடுமா?"

"அடிக்கடி மக்கர் பண்ணும். உள்ள ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா செக்யூரிட்டி மேசையில போன் அடிக்கும், அவர் வந்து திறந்துவிடுவார்."

அந்தச் சாம்பல் கேபிள் இந்தப் பட்டனுடையது. மற்றவர்கள் கேபிள் அறுந்தால் கத்துவார்கள். இது ஆபத்தில் மட்டும் கத்துகிற கேபிள். அதன் வாயை நானே பொத்திவிட்டேன். அதுவும் யாருக்கு? மூடிய இடம் என்றாலே ஆகாத என் அக்காவுக்கு. குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போடமாட்டாள்.

படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினேன். செக்யூரிட்டி தன் மேசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். போன் அடிக்கவில்லை, அவர் என்ன செய்வார் பாவம். சாவியோடு அவரையும் இழுத்துக்கொண்டு போய் லிஃப்ட் கதவை ஓங்கித் தட்டினேன். "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்துக்குக் கீழேயிருந்து ஏதோ கரகரத்தது.

கதவைத் திறந்தபோது ஃபைல் கட்டின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கதவில் குத்திக் குத்திக் கை சிவந்திருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு.

அவசரமும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்னாச்சு? பட்டன் அமுக்கலையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருந்ததோ, அவளுக்குப் புரிந்துவிட்டது.

"லிஃப்ட் பழசு சார்" என்றாள். குரலே வரவில்லை. அந்தக் குரலிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

"லிஃப்ட் இல்ல சார், நான்தான். அந்தக் கேபிள் இதோடது."

"யாரும் கத்தலன்னு பார்த்தோமேம்மா?"

"கத்தியிருக்காங்க சார். நமக்குத்தான் கேக்கல. வண்டியத் திருப்பி அனுப்புங்க. இத மாத்தி, சோதிச்சுப் பார்க்காம பழச நான் தர மாட்டேன்."

முதல்முறையாக அவருக்கு அவசரப்படத் தோன்றவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பழைய ரூட்டரிலிருந்த அமைப்பைப் புதியதில் ஏற்றி, சாம்பல் கேபிளைச் செருகினேன். இனி யாராவது லிஃப்டுக்குள் போய்ப் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். செக்யூரிட்டி கிளம்பினார், வேண்டாம் என்று நானே போனேன். போகும்போது பார்த்தேன், அவர் மேசையில் அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

கதவு மூடியது. செக்யூரிட்டி மறுபடி ஓடவைத்திருந்த லிஃப்டை இரண்டு தளத்துக்கு நடுவில் நிறுத்தினேன். உள்ளே அட்டைப்பெட்டி வாடை, மங்கலான ஒற்றை விளக்கு. பட்டனை அமுக்கினேன். மணி போவது நன்றாகக் கேட்டது. வேலை செய்கிறது.

யாரும் எடுக்கவில்லை.

மணி போய்க்கொண்டே இருந்தது. போன் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். கை நீட்டினால் எட்டும். கதவைத் தட்டலாமா என்று கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். சுவர்கள் கிட்டே வருவது மாதிரி இருந்தது. அத்தனை நேரமும் இதற்குள்தான் இருந்திருக்கிறாள்.

கடைசியில் எடுத்தாள்.

"பயமா இருந்துச்சா?"

"ரொம்பக்கா."

"அழறியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. சரி, வெளிய வா" என்றாள், அந்தக் கட்டிப்போன குரலில். "நான் கதவுகிட்ட வந்து நிக்கிறேன்."