கேபின் மேல் தட்டிய சத்தம்

ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்து மாதப்பன் தன் பிக்கப் வண்டிக்குச் செய்த அலங்காரத்தைத் தனக்குச் செய்துகொண்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும். வண்டிக்குச் செய்ததால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

சேலத்து ஒர்க்ஷாப்பில் வண்டியை நான்கு நாள் போட்டிருந்தான். பழைய ஆக்சிலைக் கழற்றிவிட்டுப் பெரிய வண்டிக்குரிய கனத்த ஆக்சில் மாட்டியாயிற்று. பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் இரண்டு பிளேட் கூடுதலாகச் சேர்த்ததில் வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கேபின் தகரத்தை ஒட்டி, பாட்டின் தாளத்தை அதிர வைக்கிற ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்று, சோற்றுக் குண்டான் பெரிசுக்கு, ஏறி உட்கார்ந்தது. மெக்கானிக் ராஜேந்திரன் ஒன்றே ஒன்று சொன்னார்.

"லோடு ஏத்துனா கும்முனு போகுமுங்க. ஆளுங்கள மட்டும் ஏத்தாதீங்க. பட்டை உக்காராது, தூக்கித் தூக்கிப் போடும்."

மாதப்பன் தலையை ஆட்டினான். காது அதற்குள் ஊஃபரிடம் போய்விட்டது.

இத்தனைக்கும் அவனுடையது ஆள் ஏற்றும் வண்டிதான். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் காலை ஏழு மணிக்குப் பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் எஸ்டேட்டில் இறக்குவான். மலையில் இதற்கென்று ஒரு பாஷை உண்டு. பின்னால் இருப்பவர்கள் கேபின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் கிளம்பலாம், விடாமல் தட்டினால் ஏதோ ஆபத்து. ஓட்டுகிறவன் வேறு எதற்குக் காது கொடுக்காவிட்டாலும் இதற்குக் கொடுத்தாக வேண்டும்.

அலங்காரம் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை, பெண்கள் தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால் வைத்துத்தான் வண்டியில் ஏற முடிந்தது.

"கொழுந்தனாரே, நாளைக்கு ஏணி ஒண்ணு கொண்டாந்துருங்க" என்றாள் தேவகுமாரி. பங்காளி வீட்டு மருமகள், அவனுக்கு அண்ணி முறை. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. அவளுடைய இணைபிரியாத கூட்டாளி கண்ணம்மாள், மாதப்பனின் அம்மாவுக்குத் தங்கை, கடைசியாக ஏறிப் பின்கதவோரம் உட்கார்ந்தாள். மாதப்பன் பாட்டைப் போட்டான்.

வெள்ளக்கடை ஊருக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம். அதையொட்டி ரோடு பெயர்ந்து கிடக்கும். வண்டி அங்கே ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த நொடி மாதப்பனின் முதுகுக்குப் பின்னால் தம் தம் தம் என்று அதிர்ந்தது. அவனுக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பாட்டில் அந்த இடத்தில் அப்படியொரு அடி இருந்ததாக ஞாபகம் இல்லைதான். நல்ல ஊஃபர் இருந்தால் இதெல்லாம்கூடக் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சவுண்டை இன்னும் கொஞ்சம் கூட்டினான். அடியும் கூடியது. ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டபடியே ஒரு கிலோமீட்டர் ஓட்டினான்.

எஸ்டேட் கேட்டில் பாட்டை நிறுத்தினான். தம் தம் மட்டும் நிற்கவில்லை.

இறங்கி ஓடிப் பார்த்தான். தேவகுமாரி இரண்டு உள்ளங்கையும் சிவக்கச் சிவக்கக் கேபினை அடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சின்னம்மா விழுந்துட்டாங்க. பாலத்துகிட்டயே."

திரும்பிப் போனபோது கண்ணம்மாள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். தூக்குப்போசி திறந்து சோறு ரோட்டில் கிடந்தது.

"நானும் கத்துனேன் சாமி. உனக்குக் கேக்கலயாட்ட இருக்குது."

"கேக்கலீங்க சின்னம்மா."

நாக்கு முந்திக்கொண்டது. அதன்பிறகு சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க அவனுக்குத் தெரியவில்லை.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாளே ஊரில் சண்டை கிளம்பியது. "தட்டத் தட்டச் சவுண்டக் கூட்டுனாரு. கேட்டுத்தான் கூட்டுனாரு" என்றாள் தேவகுமாரி. கண்ணம்மாளுக்கு வந்ததே கோபம். "எங்கக்கா பையன் அப்படிப்பட்டவன் இல்ல. கேக்கலன்னு எங்கிட்டயே சொன்னான். பொய் பேசாத" என்று பத்துப் பேர் முன்னால் கத்திவிட்டாள். ஒரே போசியில் சோறு தின்ற இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மற்றப் பெண்கள் கண்ணம்மாள் பக்கம் சேர்ந்தார்கள். தேவகுமாரி தினமும் தனியாக எஸ்டேட்டுக்கு நடந்தாள்.

மாதப்பன் பாட்டுப் போடுவதையே விட்டுவிட்டான். சின்னம்மா வீட்டுக்குப் போனால், வந்தவர்களிடம் அவள் அவனுக்காக வாதாடிக்கொண்டிருப்பாள். தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். வேண்டுமென்றே செய்தான் என்று தேவகுமாரி சொன்னதைக்கூட அவனால் தாங்க முடிந்தது. நடந்தது அதைவிடக் கேவலம். ஒருத்தி ரோட்டில் கிடக்க, இன்னொருத்தி உயிரைக் கொடுத்துத் தட்ட, இவன் அதை ரசித்திருக்கிறான். இதை எந்த வாயால் சொல்வது?

மூன்றாவது வாரம், கையைக் காட்டிவர ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கண்ணம்மாள் முன்சீட்டில் வந்தாள். பின்னால் பெண்கள். பாலத்துக்கு அருகே தேவகுமாரி பனியில் முக்காடு போட்டு நடந்துகொண்டிருந்தாள். கண்ணம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொய்க்காரி நடக்கட்டும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாதப்பன் பிரேக்கை மிதித்தான். கீழே இறங்கி நின்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அண்ணி பொய் பேசலீங்க. தட்டுனது கேட்டுச்சு. ஊஃபர் அடிக்குதுன்னு நெனச்சேன். நல்லா இருக்குதேன்னு... கூட்டி வெச்சேன்."

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பான். அந்தச் சிரிப்புக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கண்ணம்மாள் சிரிக்கவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

கண்ணம்மாள் ஒற்றைக் கையோடு அந்த உயரத்திலிருந்து இறங்கத் தடுமாறினாள். அவன் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. தேவகுமாரி வந்து தாங்கிக்கொண்டாள்.

"உன்னையப் போயி பொய்க்காரின்னுட்டேனே கண்ணு" என்று கண்ணம்மாள் அழுதாள். இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கிப் பின்னால் போனார்கள். மாதப்பன் காலி வண்டியோடு நின்றான்.

அன்றே சேலத்துக்கு இறங்கினான். பிளேட் இரண்டையும் கழற்றச் சொன்னான், ஊஃபரையும் பிடுங்கச் சொன்னான். ராஜேந்திரன் ஏனென்று கேட்கவில்லை. அதற்கும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு ஒரு வாரம், காலை ஏழு மணிக்கு வண்டி ஆளில்லாமல் நின்றது. எட்டாம் நாள், தூளியில் கட்டிய கையோடு கண்ணம்மாள் வந்தாள், கூடவே தேவகுமாரி, பின்னால் மற்றவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற கண்ணம்மாளும் முன்சீட்டுக்கு வராமல் பின்னாலேயே ஏறினாள். கேபின் மேல் இரண்டு தட்டு விழுந்தது. கிளம்பினான்.

இருபதடி போயிருக்காது, ஒரு தட்டு. நிறுத்திவிட்டு ஓடினான்.

"என்னங்க சின்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."

அடுத்த வளைவில் இன்னொரு தட்டு. இம்முறை தேவகுமாரி. அவள் வாயைத் திறக்கவே இல்லை, அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு வேறொருத்தி. அன்று எஸ்டேட் கேட் வருவதற்குள் ஏழு முறை நிறுத்தினார்கள். ஏழு முறையும் மாதப்பன் இறங்கிப் பின்னால் போய், தலையைத் தூக்காமல், "கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.