கொத்தாத மணல்

ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் முப்பது பெண்கள் தரையில் சம்மணமிட்டுக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொன்னுமணி மட்டும் சுவரோரம் ஒரு முக்காலியில், வலது காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற ஜக்கம்மாள் டீச்சரின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கால்தான். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

அவர் போடியில் பெண்கள் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சி ஆசிரியை. அந்த வருடம், எண்பத்து மூன்றில், விளையாட்டில் அடிபடாமல் பிள்ளைகளைக் காப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதி மதுரைப் பயிற்சி முகாமில் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். டீச்சர் ஒரு நோட்டோடு ராசிங்காபுரம், தேவாரம் என்று பஸ் ஏறி, பழைய மாணவிகளைத் தேடிப் போனார். எங்கே அடிபட்டது, அதற்குமுன் உடம்பைச் சூடாக்கினாயா, தரை எப்படி இருந்தது? இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நாற்பது பேர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தபோது, தங்கள் கவனக்குறைவால் விழுந்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்களை விழவைத்தது தரை, அசதி, இல்லையென்றால் ஆசிரியரின் அவசரம். அவர் கேட்காமல் விட்டிருந்தது ஒரே ஒருத்தியைத்தான்.

"டீச்சர்! நீங்களா?" பொன்னுமணி எழப் பார்த்தாள்.

"உக்காரு தாயி. ஒரு சோலியா வந்தேன்."

டீச்சர் நோட்டைப் பிரித்து அதே கேள்விகளைக் கேட்க, கை நிற்காமல் காய் பொறுக்கியபடியே பொன்னுமணி பதில் சொன்னாள். எழுபத்து நாலாம் வருடம். நீளம் தாண்டுதல். மதுரை விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க எட்டே நாள் இருந்தது.

"எதனால அடிபட்டுச்சுன்னு நெனைக்கிறே?"

"நாந்தேன் டீச்சர், காலைத் தப்பா ஊண்டிட்டேன். எங்கப்பு சாகுற வரைக்கும் அதத்தேன் சொன்னாரு. டீச்சர் அம்புட்டுச் சொல்லிக்குடுத்தும் கெடுத்துக்கிட்டியேன்னு."

டீச்சரின் பேனா நின்றது. அன்று சாரலில் நனைந்து வெயிலில் காய்ந்த மணல், மெழுகிய தரைபோல இறுகிக் கிடந்தது. அவரே மிதித்துப் பார்த்தார். மண்வெட்டியால் கொத்திவிட அரைமணி நேரம் ஆகும். அவள் ஏற வேண்டிய தேவாரம் பஸ் போய்விடும். 'வெரசா ரெண்டு தாவு தாவிட்டுப் போ' என்றார்.

"நீ சரியாத்தேன் ஊண்டுன பொன்னுமணி. மணல் இறுகிக் கெடந்துச்சு. தெரிஞ்சேதேன் ஒன்னையத் தாவச் சொன்னேன்."

பொன்னுமணியின் விரல்கள் காய்களுக்குள் அப்படியே இருந்தன.

"கொத்தி விட்டிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

பக்கத்திலிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பொன்னுமணி தன் முழங்காலைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஒம்பது வருசம் டீச்சர். எங்கப்பு இருக்கையிலயாச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

டீச்சர் நோட்டை மூடப் போனார்.

"எழுதிக்கங்க," என்றாள் பொன்னுமணி. "இப்பச் சொன்னத அப்படியே எழுதுங்க."

காரணம் என்ற கட்டத்தில் டீச்சர் எழுதினார்: மணல் கொத்தப்படவில்லை, ஆசிரியைக்குத் தெரியும். கீழே தன் பெயரையும் எழுதினார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு தடதடவென்று இறங்கிப் போனார்கள். கடைசியாகப் பொன்னுமணி எழுந்தாள். டீச்சர் கை நீட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலது காலை முதலில் இறக்கி, இடதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஒரு மூச்சு நின்று, அடுத்த படி. டீச்சர் ஒரு படி பின்னால், அவள் நின்ற இடத்திலெல்லாம் நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தார்.