ஜாலிபாய் வரைந்தவர்

பாதிரியார் முதல் பாட்டை அறிவிப்பதற்குள், தேவாலயத்தின் இடதுபக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் ஆராதனைத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் அச்செழுத்து வார்க்கும் ஆலைக்காரர்கள். நேராகப் பார்த்தால் வார்த்தை குறுக்கே வந்து கெடுக்கும், கவிழ்த்தால்தான் எழுத்தின் வடிவமும் இடைவெளியும் கண்ணில் படும் என்பது அவர்கள் தொழில்முறை. தன் கல்யாணப் பத்திரிகையையே கவிழ்த்துப் பார்த்து முடித்த பிறகுதான் மணப்பெண் யாரென்று படிக்கிற கூட்டம் அது. சவப்பெட்டிக்குள் கிடந்த வில்ஃப் பேக்‌ஷாவின் கையில் ஒரு தாளைச் செருகியிருந்தால் அவரும் எழுந்து உட்கார்ந்து கவிழ்த்திருப்பார்.

முன்பெஞ்சில் அவர் மனைவி எனிட் மட்டும் தாளை மடியில் நேராக வைத்திருந்தாள். பக்கத்தில் வில்ஃபின் அக்கா கிளாடிஸ்.

"யாரு அடிச்சது இதை? ஊருக்கு சர்க்கஸ் வந்த மாதிரி இருக்கு."

"ஆலைக்காரங்க. அவருக்கு மரியாதையாம்."

"யானை எத்தனை மணிக்கு வருதுன்னு அடியில போட்டிருக்கா பாரு."

கிளாடிஸைக் குறை சொல்ல முடியாது. 'வில்ஃப்ரெட் பேக்‌ஷாவின் நல்லடக்கம்' என்பது ஜாலிபாய் என்ற அச்செழுத்தில் இருந்தது. வில்ஃப் வரைந்த எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்து சாப்பிட்ட தொப்பை. அந்தத் தொப்பையைத் தாங்க அடியில் முடியிழை போல மெல்லிய பாதம். வால் இருக்கிற எழுத்துக்கெல்லாம் வால் சுருண்டு நுனியில் ஒரு குண்டு. இங்கிலாந்தில் அது ஏறாத இடமில்லை. மிட்டாய் டப்பா, பொருட்காட்சிச் சுவரொட்டி, தள்ளுபடிக் கடை, மலச்சிக்கல் மாத்திரை எல்லாவற்றிலும் அது சிரித்தது. ஷெஃபீல்டில் கண்ணைத் திறந்துகொண்டு நூறு அடி நடந்தால் ஜாலிபாய் நாலு தடவையாவது தொப்பையால் இடிக்கும்.

எனிடை அது முப்பது வருடமாக இடித்துக்கொண்டிருந்தது. தொண்டை அடைப்பான் கண்ட நாலு வயது மகளை லீட்ஸில் புதைத்துவிட்டு, வேலை மாறி இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில்தான் வில்ஃப் அதை வரைந்தார். குழந்தையைப் பற்றி அன்று அடைத்த வாயை அவர் திறக்கவேயில்லை. வீட்டில் ஒரு படம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. அவராகச் சொல்லட்டும், ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லட்டும் என்று எனிட் காத்திருந்தாள். மற்றபடி அவர்கள் சண்டையே போடாத தம்பதி. தெருவே மெச்சியது.

போன செவ்வாய்க்கிழமை காலை, இனி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"வில்ஃப். அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்காக."

அவர் கண் மெதுவாகத் திரும்பியது. உதடு அசைந்தது. எனிட் இன்னும் கிட்டே குனிந்தாள்.

"அந்த மருந்து பாட்டில்," என்றார் வில்ஃப். "லேபிளைப் பாரு. எழுத்துக்கு வால் ரொம்ப நீளம்."

அதன்பின் அவர் பேசவில்லை. மத்தியானம் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்தில், வந்தவர்களுக்கு ஹாம் என்கிற பன்றித்தொடைக் கறி போடாமல் செத்தவரை அனுப்பிவைத்தால், அவரே திரும்பி வந்து கதவைத் தட்டுவார் என்கிற அளவுக்குப் பேச்சு வரும். கிளாடிஸ் ஒரு முழுப் பன்றியையே வெட்டி அடுக்கிவிட்டவள் போலத் தட்டுகளைச் சுமந்து திரிந்தாள்.

"சாப்பிடு கண்ணு. நீயும் போய்ச் சேர்ந்தா இன்னொரு ஹாமுக்கு நான் எங்க போவேன்?"

எனிட் தட்டை வாங்கிக்கொண்டு ஹெட்லி கிராப்ட்ரீயின் எதிரில் போய் உட்கார்ந்தாள். ஆலையில் வில்ஃபின் பக்கத்து மேசைக்காரர் அவர். வில்ஃப் வரைந்த எழுத்தையெல்லாம் வார்ப்புக்காக எஃகில் வெட்டியவர். வேலை நாளில் வில்ஃப் பேசியதையெல்லாம் கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி சந்தோஷமான ஆளை நான் பார்த்ததே இல்ல, மிஸஸ் பேக்‌ஷா," என்றார் ஹெட்லி, மென்றுகொண்டே. "ஜாலிபாய் வரைஞ்ச வருஷம் பூரா விசில்தான். காது வலிக்குது, நிறுத்துய்யான்னு நானே கத்துவேன்."

"அந்த வருஷம்," என்று எனிட் தொடங்கினாள். தட்டைக் கீழே வைத்தாள். "எங்க பொண்ணைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருந்தா."

ஹெட்லி மெல்லுவதை நிறுத்தினார். "நாங்க ரெண்டே பேர், ஒரு முட்டையை வச்சுக் குடும்பம் நடத்திருவோம்னுல்ல சொல்லுவார். நாங்கெல்லாம் சிரிப்போம்." கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா பேரு என்ன?"

எனிட் வாயைத் திறந்தாள். அவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்ததில், இத்தனை வருடமாகத் தானும் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐவி," என்றாள்.

அந்தப் பேர் கடுகும் ஹாமும் மணக்கும் அறையில், வில்ஃபை விட்டு வேறொருவரின் முகத்துக்கு நேராகப் போய் விழுந்தது. ஹெட்லி தலையாட்டினார். அவருடைய சுட்டுவிரல் தானாக மேசைவிரிப்பில் I, V, Y என்று இங்கிலீஷ் எழுத்துகளைப் போட்டுப் பார்த்தது.

"கஷ்டமான பேரு. கடைசி ரெண்டு எழுத்தும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போகும். நடுவுல ஓட்டை விழும். எவ்வளவு நெருக்கினாலும்..."

சட்டென்று விரலை மடக்கிக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது.

"மன்னிக்கணும், மிஸஸ் பேக்‌ஷா. பழக்கம்."

"பரவாயில்ல. இன்னொரு துண்டு எடுத்துக்குங்க."

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அவருடைய கோட்டை எடுத்துவர எனிட் மாடிக்குப் போனாள்.

வந்தவர்களின் கோட்டுகளையெல்லாம் கிளாடிஸ் படுக்கையில் குவித்திருந்தாள். ஆலைக்காரர்களின் கறுப்புக் கோட்டுகள், வில்ஃப் படுத்திருந்த பக்கத்தில், ஆள் படுத்திருப்பது போல, அவர் நீளத்துக்கு. எது ஹெட்லியுடையது என்று தெரியவில்லை. எனிட் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். அடியில் வெதுவெதுப்பாக இருந்தது.

"எனிட், கிடைச்சுதா?" என்று கீழே இருந்து கிளாடிஸ் கேட்டாள்.

எனிட் கையை எடுக்கவில்லை.