தள்ளு டீச்சர்

சாம்பசிவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த மனிதர் துடைத்ததைத் தவிர அந்தக் காருக்காக ஒரு துரும்பையும் அசைத்ததில்லை. துடைப்பது அவர், வழியில் நின்றுபோனால் தள்ளுவது அவர் மனைவி ரமா. சேலையூரில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்குத் 'தள்ளு டீச்சர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். போன வாரம் அது கரும்பலகையிலும் ஏறியது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், "இந்த டப்பாவை வித்துடுங்கோ. இனிமே என்னால தெருவுல மானத்தை விட முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

அவரும் சரி என்றார். சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ ராஜ்ஜியத்தையே தானம் பண்ணுகிற மாதிரி!

வாங்க வந்தவர் இரும்புலியூர் ஜெயவேலு. அப்பா காலத்தில் நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது மனையாகிவிட்டதில் வசதியான ஆள். கூடவே மனைவி ஜெயக்கொடியையும் அழைத்து வந்திருந்தார்.

"கார் பாக்கறதுக்கு லேடீஸ் எதுக்கு?" என்றார் சாம்பசிவன்.

"எங்க வயக்கம் சார்" என்றார் ஜெயவேலு. "மாடு வாங்கப் போனாலும் இவளத்தான் இட்டுகினு போவேன். விக்கிறவன் ஆயிரம் சொல்லுவான். கறக்கிற பொம்பளைக்குத்தான் மாட்டோட கொணம் தெரியும். இவ அந்தம்மாகிட்ட பேசிட்டு சொல்லுவா, அப்பாலதான் வெலை."

சாம்பசிவன் ரமாவின் பக்கம் குனிந்து, "வில்லேஜ் பீப்பிள். எதைச் சொன்னாலும் நம்பிடுவா" என்று முணுமுணுத்தார். இவரை நம்பி நானும்தான் கழுத்தை நீட்டினேன் என்று ரமா நினைத்துக்கொண்டாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஆண்கள் முன்னால், ஸ்டியரிங் சாம்பசிவன் கையில்; பெண்கள் பின்னால். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொட்டதும் சாம்பசிவன் அளக்க ஆரம்பித்தார். திருப்பதி மலையை இந்த வண்டி மூச்சு வாங்காமல் ஏறியதாம். அடிவாரத்திலேயே அதைப் போட்டுவிட்டு பஸ்ஸில் போனது ரமாவுக்கல்லவா தெரியும்! ஜெயக்கொடியோ காரைப் பார்க்கவே இல்லை, ரமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லுக்கா. வண்டி நல்லா ஓடுமா?"

கரும்பலகை ரமாவின் கண்முன் வந்து நின்றது. "நன்னா ஓடும்மா. ஒரு தொந்தரவும் இல்லை" என்றாள். சொன்னதும் உடம்பு கூசியது. இந்த மனுஷனோடு இருந்து இருந்து நமக்கும் அவர் புத்தி ஒட்டிக்கொண்டதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இரும்புலியூர் பஸ் ஸ்டாப் கண்ணில் படும்போது வண்டி லேசாக இருமியது. அவ்வளவுதான். ஜெயவேலு அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் ரமா கைப்பையை சீட்டில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி தேய்ந்து தேய்ந்து நின்ற மறுநொடி அவள் இறங்கிப் பின்னால் போய் டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றிவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

ஜெயக்கொடி இறங்கி வந்தாள். "இன்னாக்கா இது? வண்டி நிக்கறதுக்கு மின்னாடியே ரெடியாய்ட்ட? டெய்லி இதான் வேலையா?"

ரமா கையை எடுத்தாள்.

"பெட்ரோல்ல கொஞ்சம் தூசி! ஒரு தள்ளு தள்ளினா போறும்" என்றார் சாம்பசிவன். சீட்டை விட்டு அசையவில்லை.

ஜெயக்கொடி நேரே அவர் ஜன்னலுக்குப் போனாள். "வண்டி ஓடாது, தெரிஞ்சுபோச்சு சார். பரவால்ல, எங்க அண்ணன் மெக்கானிக்கு, இன்ஜின மாத்திக்குவான். ஆனா பொம்பளையத் தள்ளவுட்டுட்டு உள்ள குந்திகினு கீற ஆளுகிட்ட எப்படி மனசார வாங்கறது? நீ எறங்கி ஸ்டாப் வரிக்கும் தள்ளு. டீச்சரம்மா உள்ள குந்தட்டும். இன்னிக்கே எடுத்துக்கிறோம்."

ஜெயவேலுவும் தலையாட்டினார்.

ரமா தூரத்தைக் கண்ணால் அளந்தாள். ஸ்டாப் கூப்பிடு தூரம்தான். இவர் இறங்கி நாலு தள்ளு தள்ளினால் இந்தச் சனியன் இன்றோடு ஒழிந்தது.

சாம்பசிவன் ஸ்டாப்பைப் பார்த்தார். அவர் ஆபீஸ் பியூன் அந்தோணிசாமி அங்கே நின்றுகொண்டிருந்தான். இவரைக் கண்டதும் சலாம் போட்டான். சாம்பசிவன் ஜன்னல் கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டார்.

"நான் ஒரு ஆபீசர். நடுரோட்ல காரைத் தள்றதா? அசிங்கம்! இதை விக்கறதா இல்லை, நீங்க போகலாம்" என்றார். பிறகு திரும்பி, "ம், ரமா, தள்ளு" என்றார்.

அசிங்கமாம். தள்ளுவது அசிங்கம் என்பது மனுஷனுக்கு உறைக்கவில்லை, சுத்த மரமண்டை என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். உறைத்திருக்கிறது. உறைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் அவளை இறக்கிவிட்டிருக்கிறார்.

ரமா பின்கதவைத் திறந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். செருகிய தலைப்பை உருவி விட்டாள்.

"எனக்கும் அசிங்கமாத்தான் இருக்குன்னா" என்று சொல்லிவிட்டு, தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஜெயக்கொடியோடு ரோட்டைக் கடந்தாள்.