ஆளுக்கொரு பிள்ளை

இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் காணாமல் போவது தூக்கம். அடுத்தது புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்கிற மரியாதை. இந்த வீட்டில் இரண்டும் கைகோத்துக்கொண்டு கிளம்பிப் போயின. யார் பால் கொடுத்தது, யார் துணி மாற்றியது, எந்தப் பிள்ளைக்கு மருந்து போயிற்று, எதற்குப் போகவில்லை என்று பஞ்சாயத்து வைத்தே அலுத்துப்போன ஒரு காலையில், பெண்டாட்டிதான் தீர்ப்புச் சொன்னாள்.

"போதும்டா சாமி! பையன் உங்க பொறுப்பு, பொண்ணு என் பொறுப்பு. அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க பார்த்துக்கணும். நடுவுல யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது."

அவள் ஆயத்த ஆடைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மெத்தை உயரத்துக்கு அடுக்கிய துணியின் மேல் மின்கத்தியை ஓட்டுகிறவள். ஓட்டிய பிறகு ஐயோ என்று தலையில் கைவைத்துப் பயனில்லை. ஆகவே முன்கூட்டியே முடிவெடுப்பாள், எடுத்ததை மாற்ற மாட்டாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு திருகை முறுக்கிவிட்டு, முறுகியதா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிற ஆள். "மாஸ்டர், உங்க வீட்டுக்காரர் எப்படித்தான் உங்களைக் கட்டிக்கச் சம்மதிச்சார்?" என்று பட்டறைப் பெண்கள் கேட்டால், "யோசிக்க விட்டாத்தானே!" என்பாள்.

ஏற்பாடு என்னவோ நன்றாகத்தான் ஓடியது. பையன் கொழுகொழுவென்று இருந்ததால் பூசணி. பெண் நண்டுசிண்டாக எந்த இடுக்கிலும் நுழைந்ததால் சுண்டெலி. பூசணி அழுதால் மாஸ்டர் புரண்டு படுப்பாள், சுண்டெலி அழுதால் மெக்கானிக் போர்வையை இழுத்துக்கொள்வான். இரண்டு வயசு வரை வீட்டில் சண்டை என்ற பேச்சே இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள்கூட மெச்சிக்கொண்டார்கள். மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையோடுதான் அன்றைக்கும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுண்டெலி. பக்கத்து நாற்காலியில் மெக்கானிக், அவன் மடியில் பூசணி. வீடு மாறி வந்த பிறகு இந்த டாக்டரிடம் இதுதான் முதல் தடவை. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்த அம்மாள் இரண்டு பிள்ளைகளையும் எடை போட்டு, வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மூளைக்காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி இருக்கு. கட்டாயம் இல்லை, பெத்தவங்க விருப்பம். அந்த நோய் அபூர்வம்தான். ஆனா வந்துட்டா காலையில விளையாடின பிள்ளை சாயங்காலம் நம்ம கையில இருக்குமான்னு சொல்ல முடியாது. பிழைச்சாலும் சில பிள்ளைங்களுக்குக் காது போயிடும். ஊசி போட்டா கால் வலிக்கும், காய்ச்சல் வரலாம், ஒரு நாள் ரெண்டு நாள் சிணுங்குவாங்க."

"போடுங்க டாக்டர்," என்றாள் மாஸ்டர், அவர் வாயை மூடுவதற்குள்.

"வேண்டாம்," என்றான் மெக்கானிக், அவள் வாயை மூடுவதற்குள்.

மாஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "ஏங்க, லிஃப்டு அறுந்து விழுந்தா பிடிச்சுக்கறதுக்குன்னு ஒரு பிரேக் இருக்கே, அதை வருஷா வருஷம் சோதிக்கிறீங்க. இதுவரைக்கும் எத்தனை லிஃப்டு அறுந்து விழுந்து பார்த்திருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்லை."

"அப்புறம் எதுக்கு அந்தப் பிரேக்?"

"லிஃப்டுக்குக் காய்ச்சல் வராது," என்றான்.

மடக்கிவிட்டால்தான் மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "சரி, நியாயமாவே போவோம். என் பிள்ளைக்கு நான் போட்டுக்கறேன். உங்க பிள்ளை உங்க பாடு!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது என்னம்மா, பாகப்பிரிவினையா?"

"எங்க வீட்டு வழக்கம் டாக்டர்."

"நல்ல வழக்கம் போங்க," என்றார் டாக்டர். ஆனாலும் எழுந்து போய் ஊசியை எடுத்து வந்தார். தொடையில் குத்தியதும் சுண்டெலி ஊரைக் கூட்டினாள். தனக்கு ஒன்றும் நடக்காத பூசணி அவளுக்குத் துணையாக அதைவிடச் சத்தமாக அழுதான். "அவன் எதுக்கு அழுவுறான்?" என்றாள் நர்ஸ்.

மறுநாள் காலையில் சுண்டெலிக்கு உடம்பு லேசாகச் சுட்டது. டாக்டர் சொன்ன காய்ச்சல்தானே, சொன்னபடி வந்திருக்கிறது, சொன்னபடி போகும் என்று மாஸ்டர் மருந்தைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். பட்டறையில் தலைக்கு மேல் வேலை. மெக்கானிக்குக்கு அன்று விடுமுறை. "இன்னிக்கு மட்டும் என் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்குங்க. கைமாத்தா வெச்சுக்குங்க, திருப்பித் தந்துடறேன்," என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்தவள் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பூசணி கூடத்தில் தனியாக உட்கார்ந்து, ஒரு செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்தில் அவனை மெக்கானிக் அப்படி விட்டதே கிடையாது. உள்ளறையில் கட்டிலை ஒட்டித் தரையில், சுவரில் சாய்ந்து மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். நெஞ்சின் மேல் சுண்டெலி. சட்டையெல்லாம் வேர்வை. கையில் ஈரத்துணி. கண் கொட்டாமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?" மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

"ஒண்ணுமில்லை. காய்ச்சல் இறங்கிருச்சு. தூங்கறா."

தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. போன உயிர் திரும்பி வந்ததும் வாயும் கூடவே வந்தது. "அதுக்கா இந்தக் கோலம்? நான் எதையோ நினைச்சுப் பயந்தே போயிட்டேன். சாதாரணக் காய்ச்சலுக்கு யாராவது இப்படி..."

"நீ பார்த்ததில்லை," என்றான்.

"எதை?"

அவன் ஈரத்துணியைக் கீழே வைத்தான். பிறகு, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்பதுபோல் மெல்லச் சொன்னான். "போன வருஷம் பூசணிக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வந்துச்சே. வலிப்பு மாதிரி வந்துச்சு, சரியாப் போச்சுன்னு சொன்னேன்ல. மாதிரி இல்லை. வலிப்பேதான். என் மடியில படுத்திருந்தான். கண்ணு ரெண்டும் மேல போயிடுச்சு. கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. உதடு நீலமாயிடுச்சு. கூப்பிடறேன், கூப்பிடறேன், அவன் அங்க இல்லை. செத்துட்டான்னே நினைச்சேன். செருப்பில்லாமத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போய்ச் சேர்றதுக்குள்ள நின்னுடுச்சு. காய்ச்சல் வலிப்பு, பயப்படாதீங்க, மூளையை ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க. நீ சாயங்காலம் வந்தப்போ அவன் பந்தை உருட்டிட்டுச் சிரிச்சிட்டிருந்தான்."

பழைய வீட்டுக்கும் மாஸ்டரின் பட்டறை பக்கத்துத் தெருதான். கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய தூரம். "எனக்கு ஏங்க ஒரு ஃபோன் பண்ணலை?"

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்பதுபோல. "என் பிள்ளையாச்சே," என்றான். "என் பொறுப்புன்னுதானே பேச்சு."

அவன் குத்திக்காட்டவில்லை. அதுதான் அவளை அறுத்தது. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் வயிற்றில் பத்து மாதம் கிடந்த பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்திருக்கிறான், அவளோ பக்கத்துத் தெருவில் சட்டைக்காலர் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பூசணி செருப்பை விட்டுவிட்டுத் தத்தித் தத்தி வந்து, இது என்ன புது விளையாட்டு என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கனத்தான். இவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் அவளேதான், ஒரேயடியாக மாறிவிடவில்லை.

"இவனுக்கு ஊசி போடணும்னுதான் நான் இப்பவும் சொல்றேன்."

மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"இருங்க, நான் முடிச்சுக்கறேன். நேத்து உங்க பிள்ளை உங்க பாடுன்னு சொன்னேன். அந்த வாயில மண்ணை அள்ளிப் போடணும். இவன் என் பிள்ளை. இவனுக்கு வலிப்பு வருமோன்னு நீங்க ஒருத்தரே பயந்தது போதும். நானும் பயப்படறேன். அதே மாதிரி, மூளைக்காய்ச்சல் வந்துடுமோன்னு நான் ஒருத்தியே பயப்படக் கூடாது, நீங்களும் பயப்படுங்க. ரெண்டையும் கொண்டுபோய் அந்த டாக்டர்கிட்ட வைப்போம். அவங்க வேண்டாம்னா நான் வாயே திறக்கலை."

"நீ வாயே திறக்காம இருப்பே!" என்றான் மெக்கானிக். அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

டாக்டரிடம் அவன்தான் பேசினான். நீலமாகிப்போன உதட்டைப் பற்றி, செருப்பில்லாமல் ஓடியதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னான். மாஸ்டர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"இதை ஏங்க அன்னிக்கே சொல்லலை?" என்றார் டாக்டர். பிறகு நிதானமாகச் சொன்னார். "மறுபடி வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்த வயசுல எந்தக் காய்ச்சல்லயும் வரலாம், சளிக் காய்ச்சல்லகூட. பார்க்கத்தான் பயங்கரமா இருக்கும். பிள்ளைக்குக் கெடுதல் பண்ணாது, வளர வளர நின்னுடும். அதுக்குப் பயந்து இந்த ஊசியை விடறது சரியில்லைன்னுதான் நான் சொல்லுவேன். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. நிக்காமப் போனா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. தனியா இருக்காதீங்க."

மெக்கானிக் பூசணியின் முழங்காலைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தான். "போடுங்க," என்றான். சொன்னது அவன்தான், யாரும் சொல்ல வைக்கவில்லை.

மறுநாள் மாஸ்டர் பட்டறைக்கு விடுப்புச் சொன்னாள். "நீங்க வேலைக்குப் போங்க. இன்னிக்கு நான் பார்த்துக்கறேன்," என்று அவனை விரட்டாத குறையாக அனுப்பினாள். அவன் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். "போங்கன்னா போங்க! பிள்ளையைக் கடிச்சா தின்னுடப் போறேன்?"

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பகல் ஏறியதும் பூசணிக்குக் காய்ச்சலும் ஏறியது. மருந்து கொடுத்தாள். மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். சுண்டெலி கட்டில்மேல் ஏறிக் குதிக்க, "அடியே, சும்மா இரு!" என்று அதட்டினாள். பூசணி தூக்கத்தில் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தான். வெறும் சிலிர்ப்புத்தான், எல்லாப் பிள்ளைகளும் சிலிர்ப்பதுதான். மாஸ்டர் சட்டென்று குனிந்து அவன் உதட்டைப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு திருகையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிற ஆளை எத்தனை கேலி பண்ணியிருப்பாள்!

மெக்கானிக்கின் ஃபோன் அடித்தபோது அவன் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில் இருந்தான். பின்னால் மோட்டார் உறுமுவது அவளுக்குக் கேட்டது.

"என்ன? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. காய்ச்சல் இருக்கு, மருந்து கொடுத்திருக்கேன், மூச்சு நல்லா இருக்கு." அவள் பூசணியின் உதட்டை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். "ஊசி போட்டது சரிதான். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

"சரி."

"ஆனா எனக்குப் பயமா இருக்குங்க. வர்றீங்களா?"

மறுமுனையில் மோட்டார் சத்தம் நின்றது.

"கிளம்பிட்டேன்," என்றான் அவன். "ஃபோனை வைக்காதே. பேசிட்டே இரு."