அம்மாவின் பல் செட்

மேல் செட் பாதிகூட உள்ளே போகவில்லை. புஷ்பமேரி அதை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். விடியற்காலையில் செத்துப்போன அம்மா மிக்கேலம்மாளின் வாய் எட்டணாக் காசு அளவுக்குத்தான் திறந்திருந்தது. உதட்டைச் சுற்றித் தோல் இறுகி, சுருக்குப் பை மாதிரி கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் ஒரு சுருக்கம் கிடையாது.

"அறுவது வயசுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? கொமரி மாதிரியில்ல படுத்திருக்கா" என்று வாசலில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சொல்வது கேட்டது. வியாதியில் இறுகிக்கொண்டே வந்த அந்தத் தோல்தான் ஆறு வருடமாக அம்மாவின் விரல்களை மடக்கி, வாயைச் சுருக்கி, கடைசியில் மூச்சையும் விடவிடாமல் பண்ணியது. காசியம்மாளுக்கு அது தெரியாமல் இல்லை. சாவு வீட்டில் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே.

சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தோடு நின்று போட்டோ எடுக்க, தர்மபுரியிலிருந்து ஸ்டுடியோக்காரர் பதினொரு மணி பஸ்ஸில் வருகிறார். போட்டோவில் அம்மா பல்லோடு இருக்க வேண்டும் என்றவள் புஷ்பமேரி. நானே போடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான்.

"நான் போடட்டுமா புஷ்பம்? நேரா போவாது. ஒரு பக்கமா சாச்சுத்தான் நொழைக்கணும்." அண்ணன் அருள்சாமியின் மனைவி ஆரோக்கியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"எங்கம்மா வாயி எனக்குத் தெரியாதுங்களா அண்ணி?"

சொன்ன பிறகுதான் தெரியாது என்று உறைத்தது. வயிற்றெரிச்சலே அதுதான். அண்ணிக்குத் தெரியும். ஈறில் எந்தப் பக்கம் புண், கேழ்வரகுக் கூழ் எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும், நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டால் எத்தனை ஸ்பூன் தண்ணீர், எல்லாம் அண்ணிக்கு அத்துப்படி. சேலம் டாக்டர் சொன்னபடி ஐஸ் குச்சிகளை அடுக்கி வாயில் வைத்துத் தினமும் விரிக்கப் பழக்கியவளும் அவள்தான். பன்னிரண்டு குச்சி போன வாயில் பிறகு ஏழு போனது, அப்புறம் நாலு. மருமகளா அவ, பெத்த மவ என்று நல்லம்பள்ளி வரைக்கும் பேச்சு. அப்படியானால் பெத்த மகள் யாராம்?

மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் புஷ்பமேரி அரூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். வாழைப்பழம், பன், பால்கோவா என்று மெத்தென்று இருப்பதாகப் பார்த்து வாங்கி வந்தாள். அம்மா அவள் கையால் ஒரு வாய் வாங்கியதில்லை. ஸ்பூனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "பசிக்கல கண்ணு, நீ சாப்புடு." ஒருமுறை பஸ்ஸுக்குக் கிளம்பியவள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அடுப்படியில் அம்மா அண்ணி கையால் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. புஷ்பமேரி குடையை எடுக்காமலே போய்விட்டாள். அரூர் வரைக்கும் அழுதாள். மழை வேறு.

மூன்றாவது தடவை அழுத்தியபோது அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம், ஒதடு கிழிஞ்சிரும்."

புஷ்பமேரி கையை உதறினாள். "நான் ஊட்டுனா பசிக்காது, உங்க கையால மட்டும் எறங்கும். என்னாங்க சொல்லி வெச்சிருந்தீங்க எங்கம்மாகிட்ட?"

ஆரோக்கியம்மாள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இந்த செட்ட நீ வர்ற அன்னிக்கு மட்டுந்தான் அத்தை போடுவாங்க."

"என்னது?"

"கோயில்ல நன்மை வாங்கக்கூட பொக்க வாயோடதான் போவாங்க. சாமியாரு அப்பத்துல ஒரு துணுக்கு ஒடச்சு நாக்குல வெப்பாரு. நீ வர்ற ஞாயித்துக்கெழமதான் இது. எண்ண தடவி, சாச்சு நொழைக்க ஒரு மணி நேரம் ஆவும். புண்ணு மேலயே உக்காரும். போட்டுட்டா தண்ணிகூட குடிக்க முடியாது. நீ தெருமொன தாண்டுனதும் கழட்டச் சொல்லுவாங்க. ரத்தத்தோடதான் வரும். அப்பறந்தான் கூழு."

"எதுக்கு?"

"எம் மவ என்னைய இந்தக் கோலத்துல பாக்கக் கூடாதுன்னாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாங்க." ஆரோக்கியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

புஷ்பமேரி கையிலிருந்த பல்லைப் பார்த்தாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முன்னைவிட அதிகமாக எரிந்தது. வெளியூர் விருந்தாளிக்குப் பாய் விரிப்பதுபோல அம்மா அவளுக்கு ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். ரத்தமும் எச்சிலும் வெறும் ஈறுமாக இருந்த வாயை அண்ணியிடம்தான் கொடுத்திருக்கிறாள். அண்ணி கொடுத்து வைத்தவள்.

வெளியே அருள்சாமியின் குரல் கேட்டது. "புஷ்பம், போட்டோக்காரரு வந்துட்டாரு. பல்லு போட்டாச்சா?"

"பல்லு வேணாண்ணா. அப்புடியே எடுக்கட்டும்." பிறகு அண்ணியைப் பார்க்காமல் சொன்னாள். "கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா அண்ணி?"

ஆரோக்கியம்மாள் போனதும் புஷ்பமேரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அம்மாவின் முகத்தை ஜன்னல் பக்கம் மெதுவாகத் திருப்பி, கட்டை விரலால் மேலுதட்டைக் கொஞ்சமாக உயர்த்தினாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"மேகம் கட்டுதுங்க, வெளிச்சம் போயிரும்" என்று போட்டோக்காரர் வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

"இருங்க" என்றாள் புஷ்பமேரி. இன்னும் பார்த்து முடிக்கவில்லை.